பேர் சொல்லும் அமாவாசை

லோகாம்பாள் நன்றாக இருக்கட்டும். அவள் கதை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டிலும் குழம்பு அடிபிடிக்காமல் இறங்கியதில்லை.

எங்கள் ஊர்க் கோட்டையிலிருக்கும் ஒல்லாந்துக்காரனுக்கும் இங்கிலீசுக்காரனுக்கும் சண்டை. எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. சாமான் படகு தள்ள ஆள் வேண்டும் என்று கோட்டையிலிருந்து வந்தார்கள். கூலி உண்டு என்றார்கள், திரும்பி வரும் நாளை மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போனார், லோகாம்பாள் வீட்டுக்காரர் போனார், எல்லோரும் போனார்கள். குப்பத்தில் மிஞ்சிய ஆம்பளை பெரியதனக்காரர் உலகநாதன் மாமா ஒருவர்தான். அவருக்கும் கண் மங்கல்.

மத்தியானம் இறால் காயவைக்கும்போது லோகாம்பாள் ஆரம்பிப்பாள். எப்போதோ நடந்த ஒரு பழைய சண்டை, அதில் செங்கமலம் என்று ஒருத்தி. எந்த ஊர், எந்த ராஜா என்று கேட்டால் நாளுக்கு ஒன்று சொல்வாள். போகட்டும். வாள் பிடித்தவனைப் பாட ஆயிரம் பேர் உண்டு, அவன் வீட்டில் உலை வைத்தவளைப் பற்றிச் சொல்ல இவளை விட்டால் யார்? கோட்டைக்குள் தானியம் தீர்ந்து, செங்கமலம் புளியங்கொட்டையை வறுத்துத் தின்ற அன்று நான் அழுத அழுகையில், என் இறாலைப் பூனை தூக்கிப்போனதுகூடத் தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் செங்கமலம் தன் புருசனுடைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, சிப்பாய்களோடு வரிசையில் நின்று, அவன் பங்கு அரிசியை வாங்கி வந்தாள். ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லையாம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏனென்றால் மூன்றாம் நாள் அமாவாசை. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. அமாவாசைக் காலையில் கரையில் கூடி, ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் பேரைச் சொன்னால்தான் அந்த மாதம் அவனுக்குப் பாடு, அதாவது வலை போடும் முறை. பேர் விழாத வீட்டுக்கு அடுத்த அமாவாசை வரைக்கும் ஒன்றும் இல்லை. போன அமாவாசை எங்கள் பாடு போயிற்று. வீட்டில் இரண்டு பிள்ளைகள், பானையில் நொய்கூட இல்லை.

அமாவாசை விடிந்ததும் என் வீட்டுக்காரர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே பதினொரு தலைப்பாகை. பாவிகள்! எல்லோரும் ஒரே கதையைத்தானே கேட்டோம்.

மாமா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அடடே, பசங்க திரும்பிட்டாங்களா? எப்போ வந்தீங்க?"

லோகாம்பாள் ஆம்பளை மாதிரி இருமினாள். இருமிய வேகத்தில் வளையல் குலுங்கியது.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "சரி, ஆரா இருந்தா இன்னா? பேரைச் சொல்லுங்க. பேரு வுழுந்தா பாடு."

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். சும்மா இருக்கும் காலத்திலேயே சொல்ல மாட்டோம், பீரங்கிக்கு நடுவில் இருப்பவன் பேரையா சொல்வோம்?

"பஞ்சபாண்டவருல மூத்தவரு மாமா," என்றேன்.

"அது ஆரு?"

"சூதாடி நாட்டைத் தோத்தாரே!"

"அவரு நம்ம குப்பத்துல இல்லியே. பேரைச் சொல்றியா, அடுத்த வூட்டைக் கூப்புடவா?"

எனக்கு வந்த கோபத்தில் லோகாம்பாள் பக்கம் திரும்பினேன். "ஏண்டி, உன் செங்கமலம் மட்டும் புருசன் பேரை எப்பிடிடி சொன்னா?"

அவள் முழித்தாள். "அந்த எடத்தை நான் ரோசிக்கவே இல்லக்கா."

தலைப்பாகையை அவிழ்த்துக் கரையில் எறிந்தேன். "பாடு போனா போவட்டும் மாமா. பட்டினி கெடந்துக்கிறோம். அந்தப் பேரு என் வாயால வராது." பிள்ளைகளை நினைத்தேன், அவரை நினைத்தேன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

"தருமன்!"

கத்தியது லோகாம்பாள். "இன்னா பாக்குற? உன் வாயால தானே ஆவாது? அவரு எனக்கா புருசன்? நீ எங்க வூட்டுக்காரர் பேரைச் சொல்லு."

"பொன்னுரங்கம்!" என்று நானும் கத்தினேன். எவ்வளவு சுலபமாக வந்தது!

மாமா யோசித்தார். "பேரு காதுல வுழணும்னுதான் வழக்கம். எந்த வாயிலிருந்துன்னு எங்க நைனா சொல்லல." பிறகு நிமிர்ந்து, ஒவ்வொரு அமாவாசையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "தருமன். ஆளு இருக்கானா?"

அவர் போனதிலிருந்து நாற்பது நாளாக இதையேதான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்லத்தான் பயம்.

"இருக்காரு!" என்றேன். "இருக்காரு மாமா! இருக்காரு, இருக்காரு!"

"ஒரு தபா சொன்னா போதும்மா," என்றார் மாமா.

எனக்குப் போதவில்லை.