குச்சி வீட்டின் நிழல்

ஹம்மாத் எந்தக் கட்டிடத்தின் மாதிரியையும் இரண்டு முறை செய்வார். முதலில் ஒரே மரக்கட்டையில், உள்ளே வெற்றிடமே இல்லாமல் செதுக்குவார். பிறகு சுவரே இல்லாமல், மெல்லிய குச்சிகளால் சட்டம் மட்டும் கட்டுவார்.

"கட்டையில வீடு தெரியும். குச்சியிலதான் உள்ள யார் கீறாங்கன்னு தெரியும்" என்று மனைவி உம்மே ஹானியிடம் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியாகச் செய்தது, ராயப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டையே. குச்சி வீடு முடிந்த வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முழுக்க அவள் வாசற்படி தாண்டவில்லை. பிற்பகல் வெயில் மேசைக்கு வரும்போது குச்சி வீட்டின் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். ஓர் அறை மட்டும் கருப்பாக நிறைந்திருக்கும். முதலில் அது பட்டறை. குச்சிகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை; விரல்தான் சில்லிட்டது. பிறகு கருப்பு சமையலறைக்கு நகர்ந்தது, கூடத்துக்கு வந்தது. ஹம்மாத் வீட்டில் நடமாடுவது போலத்தான் இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாரோ என்று பயம்.

இத்தா முடிந்த மறுநாள் பிற்பகல், அவளை ஆபா என்று அழைக்கும் தம்பி தல்ஹா ஆட்டோவோடு வந்தான். அபிராமபுரத்தில் கட்டிடங்கள் வரையும் வைதேகி, இரண்டு மாதிரிகளையும் கண்காட்சிக்குக் கேட்டிருந்தார். தருவதாக ஹம்மாத்தே வாக்குக் கொடுத்திருந்தார். அதை மீற அவளுக்கு மனமில்லை, அனுப்பவும் மனமில்லை.

தல்ஹா கட்டை வீட்டைத் தூக்கினான்.

"இன்னா ஆபா, அட்டைப்பொட்டி மாதிரி லேசா கீது!"

ஆட்டோவில் வைத்துவிட்டு வந்து குச்சி வீட்டைப் பிடித்தான். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"மேசையோட ஆணி அடிச்சிட்டாரா மச்சான்? வெளாட்டுக்கு ஒரு அளவு வாணாம்?"

உம்மே ஹானி சுவரைப் பார்த்தாள். கருப்பு, வாசலை ஒட்டிய அறையில் நின்றது. அவளை வழியனுப்ப வந்தவர் போல.

துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் வர்றேங்க" என்று சுவரைப் பார்த்து மெல்லச் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள்.

உள்ளே தல்ஹா பின்னால் தடுமாறும் சத்தம் கேட்டது. குச்சி வீட்டை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். தெரு வெயிலில் அதன் நிழல் விழுந்தது. எல்லா அறைகளிலும் வெறும் கோடுகள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மேசை காலியாக இருந்தது. சுவரில் அந்தக் கருப்பு மட்டும், ஆள் உயரத்துக்கு, அப்படியே நின்றது.

"பூட்டு எங்க ஆபா?"

"பூட்டாதடா," என்றாள். "உள்ள ஆள் கீது."