காக்சிக்ஸ் தமிழ்ச்சொல்லே!

என் அக்கா கணவர் திருநாவுக்கரசுக்கு எந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்தாலும் தமிழிலிருந்து திருடியதாகவே தெரியும். முதுகெலும்பின் கடைசி நுனிக்கு ஆங்கிலத்தில் காக்சிக்ஸ் என்று பெயர். அது வளைந்திருக்கிறது, நம் கொக்கியும் வளைந்திருக்கிறது. போதாதா? நாற்பது பக்கத்தில் நூல் போட்டுவிட்டார். 'வால் எலும்பு' என்று எழுதுகிறவர்களை, தமிழனுக்கு ஏது வால் என்று அதில் இரண்டு பக்கம் திட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அதற்கு விருது. பத்து வருஷமாக ஏங்கிக் கிடந்த மேடை.

வியாழக்கிழமை கடலூரில் அச்சகத்துப் படியில் நூல் கட்டோடு வழுக்கி, சரியாக அந்த எலும்பின் மேலேயே விழுந்தார். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். மாமாவை உட்காரவைத்துக் கொன்றது.

டாக்டர் அனுப்பிரியாவுக்கு அவர் மகள் வயது.

"எங்கய்யா வலிக்குது?"

"இடுப்புலம்மா."

இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மாமா நூலை நீட்டினார். அட்டையைப் பார்த்த டாக்டர், "காக்சிக்ஸ்னா கிரேக்கத்துல குயிலுங்கய்யா. குயில் மூக்கு மாதிரி இருக்குன்னு வச்ச பேரு" என்றார்.

"குயிலே நம்ம ஊருதாம்மா" என்று மாமா நின்றுகொண்டே சிரித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நாப்பது பக்கம் எழுதுன எடத்த ஒரு வார்த்தையில சொல்ல முடியலயா மாமா?"

"பொம்பளப் புள்ளகிட்ட எப்புடி மச்சான் சொல்றது?"

விருது வாங்குகிறவர் மேடையில் உட்கார்ந்து ஏழு பேர் புகழ்வதையும் கேட்டாக வேண்டும். அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாமா மேடை நாற்காலியில் உட்காரப் போனார், முகம் கோணியது, எழுந்துவிட்டார். தொகுத்து வழங்கிய அன்பரசு மைக்கைப் பிடித்தார். "தமிழன்னை முன் அமர மறுத்து நிற்கிறார்!"

கைதட்டல். மேடையே எழுந்தது, பிறகு மண்டபமும். தலைமை தாங்கிய ராமாமிர்தம் ஐயாவுக்கு எண்பத்திரண்டு வயது. கால் நடுங்க நின்றார். மைக் மாமா கைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் கிழவர் பிழைப்பார்.

"தமிழுக்காக நிற்கிறேன்" என்றார் மாமா. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

முன்வரிசையிலிருந்து அக்கா தைலம்மாள் கத்தினாள். "பெரியவரே, நீங்க உக்காருங்க! அவுருக்குக் குண்டியில அடி, அவ்ளோதான்!"

மண்டபம் மொத்தமும் உட்கார்ந்தது. மாமாவால்தான் முடியவில்லை.