எட்டுக்கு அடியில் மூன்று

பழைய ரயில் பெட்டிகளைப் பாதுகாத்து வைக்கும் அந்தக் கொட்டகையில் சாவியும் சாமான்களும் அவள் பொறுப்பு. ஒரு ஆணி குறைந்தாலும் விடமாட்டாள் என்பதால் பட்டறை ஆட்கள் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். வருத்தப்பட்டதில்லை.

ஆனால் இந்த முறை சந்தேகம் வந்த இடம்தான் தர்மசங்கடம். சொந்தத் தங்கையின் கணவர். தச்சர். அவரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

கொட்டகையிலேயே பெயர்பெற்றது 308-ஆம் எண் மரப்பெட்டி. எப்போதோ பெருவெள்ளத்தில் தண்டவாளம் அறுந்தபோது நடுவழியில் சிக்கி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியாக நின்ற பெட்டி. பதினொரு குழந்தைகள் அதில் பிறந்தார்கள். மரப்பெட்டிகளின் காலம் முடிந்ததும், இரும்பை மட்டும் எடுப்பதற்காக மற்ற பெட்டிகளையெல்லாம் யார்டிலேயே தீ வைத்துக் கொளுத்தினார்கள். 308 மட்டும் அந்தக் குழந்தைகளின் புண்ணியத்தில் தப்பியது. அதைப் புதுப்பித்து மக்கள் பார்வைக்குத் திறக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

தச்சர் பத்து நாளாக எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். பெட்டிக்குள் ஏறி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். கேட்டால், "தூசி வெளிய பறக்கும்கா" என்கிறார். தூசிக்குப் பயந்து கதவைச் சாத்தும் தச்சரை அவள் கண்டதில்லை. சாயங்காலம் போகும்போது சாப்பாட்டுப் பை புடைத்துக்கொண்டு போகிறது.

பித்தளை என்றுதான் அவள் புத்தி முதலில் போனது. ஜன்னல் கொக்கி, கைப்பிடி, விளக்குக் கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

தங்கைக்குப் போன் போட்டாள். பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், முதுகுவலி என்று நாலு விஷயம் பேசிவிட்டு, "உன் வீட்டுக்காரர் வேலை வேலைன்னே இருக்காரே, வீட்டுக்கும் ஏதாவது தூக்கிட்டு வர்றாரா?" என்று கேட்டாள்.

"மரச்சீவல்தான். பை நிறையக் கொண்டாந்து பின்னாடி போட்டு எரிக்கிறாரு. ஏன்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

பட்டறையிலேயே குப்பைத்தொட்டி இருக்கும்போது சீவலை எதற்கு வீடுவரை சுமக்க வேண்டும்?

மறுநாள் காலை அவருக்கும் முன்னால் வந்து, மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்தே பூட்டிவிட்டு, கழிவறைக்குள் நின்றுகொண்டாள். தச்சர் வந்தார். தாழ் போட்டார். ஜன்னலுக்கு மேலிருந்த ஒரு சட்டத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இழைப்புளியை ஓட்டத் தொடங்கினார்.

"வெளிய தெரியாத பக்கத்தை எதுக்கு மாப்பிள்ளை இழைக்கிறீங்க?"

இழைப்புளி அவர் காலடியில் விழுந்தது. பிறகு சட்டத்தை அவளிடம் நீட்டினார். பாதி அழிந்த மூன்று இலக்கங்கள், உளியால் வெட்டியவை. 303.

"பெட்டி செய்யும்போது துண்டு மாறிடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணு முதுகுலயும் பெட்டி நம்பரை வெட்டுவாங்க. இதுவரைக்கும் கழட்டினது எல்லாத்துலயும் 303தான். வெளிய இருக்கற நம்பரைச் சுரண்டிப் பாத்தேன், எட்டுக்கு அடியில மூணு இருக்கு."

"அப்ப 308?"

"எரிச்சது அதைத்தான் போல. பெட்டி மாறிப்போச்சு. தப்பு தெரிஞ்சதும் எவனோ இதுமேல பெயிண்டை அடிச்சு மறைச்சிருக்கான்."

"அவன் பெயிண்டால மறைச்சான். நீங்க இழைப்புளியாலயா?"

"தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்கக்கா. கதை இல்லாத பெட்டியை யாரு வெச்சிருப்பா?"

"பயம் பெட்டிக்காகவா, உங்க சம்பளத்துக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்," என்றார் தலையைக் குனிந்தபடி.

அவர் சொன்ன எண் விஷயத்தையும் அவள் அப்படியே நம்பிவிடவில்லை. திருப்புளியை வாங்கி, தானே தேர்ந்தெடுத்த ஒரு மூலையில் ஒரு பலகையைக் கழற்றினாள். 303.

மேலாளரிடம் சொல்லலாம் என்று இறங்கும்போது அவரே எதிரில் வந்தார், கூடவே ஒரு வயதான அம்மாளுடன். அந்தப் பதினொரு பேரில் ஒருவர். கையில் ஒரு புகைப்படம்: பெட்டியின் படியில் கைக்குழந்தையுடன் அவருடைய தாய். அம்மாள் உள்ளே ஏறி, ஒரு இருக்கையைத் தடவி, அதில் கன்னத்தை வைத்து அழத் தொடங்கினார். மேலாளருக்கும் கண் கலங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம் ஓடிய பிறகு பொறுக்க முடியவில்லை.

"அம்மா, இது அந்தப் பெட்டி இல்லம்மா."

எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். தச்சர் கதவோரம் மரமாய் நின்றார்.

அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? இவ்வளவு அழுதிருக்க மாட்டேனே!" பிறகு சுற்றிப் பார்த்து, "இதுல யாரும் பொறக்கலையா?" என்றார்.

"தெரியலம்மா. ஜனங்க ஏறி ஊருக்குப் போய்ட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான்," என்றாள் அவள்.

"இந்த மாதிரி வேற பெட்டி இருக்கா?"

"இல்லம்மா. மரப்பெட்டியில மிச்சம் இது ஒண்ணுதான்."

"அப்ப பத்திரமா வெச்சுக்குங்க." புகைப்படத்தை அவளிடம் கொடுத்தார். "இதையும் மாட்டுங்க. எரிஞ்சதுக்கு வேற படம் உங்ககிட்ட இருக்காது. நம்பரை மட்டும் சரியா எழுதுங்க."

திறப்பு மூன்று மாதம் தள்ளிப்போனது. நன்கொடையாளர்களில் சிலர் முகம் சுளித்து ஒதுங்கினார்கள். ஆனால் பெட்டியை யாரும் வெளியேற்றவில்லை. வாசல் பலகையில், இது 303, எரிந்தது 308, எண்ணை மாற்றியவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதி வைத்தார்கள். தச்சர் ஒரு மாதம் வீட்டில் உட்கார வைக்கப்பட்டு, எச்சரிக்கையோடு திரும்பி வந்தார். அவர் இழைத்துவிட்ட பதினாலு துண்டுகளில் எண் கிடையாது.

தங்கை வெகுநாள் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது சொன்னாள்: "அவரை மாட்டிவிட்டது சரி. தப்பு அவர்மேலதான். ஆனா என்கிட்டயே நைசா வாயப் புடுங்கினியே, அதுதான்கா ஆறல."

இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தங்கை பதில் சொல்கிறாள்.