தோளில் நான்கு விரல்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. அழகுராஜா இரண்டு குடம் பிடித்தான். பல் விளக்கினான். முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். வேடசந்தூர் மில் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. கையை ஆட்டிப் போகச் சொன்னான். இன்று லீவு. திண்டுக்கல் போய் ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும்.

பைக்கில் பின்னால் மாமனார் நாச்சிமுத்து. வடமதுரை தாண்டியும் பேச்சை நிறுத்தவில்லை. நாளைக்கு அழகுராஜாவின் மனைவி தமிழ்மதியின் முதல் வருட நினைவு நாள். ராணுவ போலீஸில் இருந்தவள், மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்துபோனாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் படத்திறப்பு. திறந்துவைக்க அவளுடைய யூனிட்டிலிருந்து மேலதிகாரி சுபேதாரே வருகிறார். நாச்சிமுத்துவே போன் போட்டு அழைத்தது. மருமகனிடம் நேற்றுதான் சொன்னார். அதிலிருந்து அழகுராஜாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. யாரை அழைத்திருக்கிறோம் என்று மாமனாருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே திண்டுக்கல் வந்துவிட்டது.

கடைக்காரன் அல் அமீன், கல்லூரியில் அழகுராஜாவோடு படித்தவன். யூனிட்டிலிருந்து வந்த குரூப் போட்டோவிலிருந்து தமிழ்மதியை மட்டும் வெட்டி, திரை நிறைய வைத்திருந்தான். சீருடையில் தெளிவாக இருந்த படம் அது ஒன்றுதான். மேல் மூலையில், வழக்கப்படி, சிறப்பு விருந்தினரின் முகம் ஒரு வட்டத்துக்குள். சுபேதார் சிரித்தார்.

"ராஜா, ரெண்டு சின்ன வேலை இருக்கு. பக்கத்துல நின்ன ஆளோட கை தோள்ல ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. பாரு, நாலு விரலு. அத அழிச்சிரலாம். பெறகு வாய் லேசாத் தொறந்திருக்கு. அதையும் மூடிரலாம். கல்யாண ஃப்ளெக்ஸுல மாப்பிள்ளைங்களுக்குத் தலைமுடியே நட்டு விட்டுருக்கேன், இது ஒரு வேலையா?"

"அம்சமா மூடிருங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து. "சிரிச்ச மாதிரி வைங்க."

அழகுராஜா வாசல் வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். வெளியே ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது ரோட்டுக்கு வரும்வரை பார்த்துவிட்டு வந்தான்.

"ரெண்டையும் தொடாத."

"ஏலே, பாக்குறவன் எங்கடையத்தான் காறித் துப்புவான். தொழில் தெரியாதவன்னு." அல் அமீன் சிரித்துக்கொண்டே முழுப் படத்தைத் திறந்தான். கை யாருடையது என்று தோளிலிருந்து பின்னோக்கித் தேடிப் போனான். முகத்துக்கு வந்ததும் நிறுத்தினான். மூலையில் இருந்த வட்டத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்துவும் பார்த்துவிட்டார். "பெரியவரு. புள்ள மாதிரி நெனச்சுப் போட்டிருப்பாரு."

"இல்ல மாமா." அழகுராஜாவின் குரல் சீட்டில் உள்ளதைப் படிப்பது போல இருந்தது. "இந்தாளு அவள ஆறு மாசமா நிம்மதியா விடல. கண்ட நேரத்துல மெசேஜ். தனியா ரூமுக்கு வரச் சொல்லி நச்சரிப்பு. மேல இருக்கறவங்ககிட்டச் சொன்னா. அனுசரிச்சுப் போன்னாங்க. வண்டி உருண்டது விபத்துதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா இது நடந்தது."

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார். சுபேதார் வருவதை வீடு வீடாகச் சொல்லி வந்தவர் அவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

"உங்களுக்குத் தாங்காதுன்னு சொல்லிட்டா."

"எல்லாம் முடிஞ்சு போச்சு மாப்ள. செத்தவள ஏன் சந்தியில நிறுத்தணும்? விரல அழிச்சிருவோம். வந்தமா, தொறந்தமா, போனமான்னு போகட்டும்."

"அழிச்சா அந்தாளுதான் நிம்மதியாத் தொறப்பான் மாமா."

பின்னறையில் மெஷின் யாருக்கோ காதுகுத்து ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தது. அழகுராஜா திரையருகே போனான். படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒருபுறம் திருப்பி, தோளில் கை வைத்தவனைப் பார்த்தாள். இறந்த அன்று காலை எடுத்த படம். எடுத்த கையோடு அழகுராஜாவுக்குப் போன் செய்தாள்.

"கீழ ஒரு வரி போடணும்," என்றான் அல் அமீன், மெதுவாக. "கடைசியாச் சொன்னதுன்னு, 'என் உயிர் நாட்டுக்கே'ன்னு ஐயா எழுதிக் குடுத்தாரு."

நாச்சிமுத்து தலை நிமிர்ந்தார். ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் அவர் சொல்லி வந்த வரி அது.

"அது நானாச் சொன்னது தம்பி. அத எடுத்துருங்க." மருமகன் பக்கம் திரும்பினார். "கடைசியா உங்ககிட்டத்தான பேசுனா. நெசமா என்ன சொன்னா?"

அல் அமீன் பழைய வரியை அழித்துவிட்டுக் காத்திருந்தான். அழகுராஜா முதல்முறையாக அசையாமல் நின்றான். திரையில் அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"'கைய எடுங்க சார்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். வண்டி வந்துருச்சு, செத்த நேரத்துல கூப்புடுறேன்.'"