உள்ளங்கால் அளவு

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் துரைக்கண்ணுவைத் துரைக்கண்ணு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். ராஜகிரி என்றால்தான் திரும்புவான். கோட்டை மலைகளில் உசந்தது ராஜகிரி. கமிட்டியில் மல்லாக்கொட்டை மூட்டை தூக்குகிற ஆட்களில் உசந்தவன் இவன். ஆறடி நாலு இன்ச். மற்றவர்கள் பலகை போட்டு ஏறி அடுக்குகிற அட்டியை அவன் தரையில் நின்றபடியே அடுக்கிவிட்டு, பீடி பற்றவைக்கப் போய்விடுவான்.

அந்த உசரத்தால் வேறு ஒரு சுகமும் அவன் கண்டதில்லை. வாசக்கால் அவன் நெற்றியைத் தினமும் விசாரித்தது. கட்டிலில் படுத்தால் கால் இரண்டும் அடுத்த ஆளுடையது போல வெளியே கிடந்தன. டவுன் பஸ்ஸில் ஏறினால் கூரை இடித்து, சிங்கவரத்திலிருந்து செஞ்சி வரைக்கும் தன் சட்டைப் பையையே குனிந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். பையில் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்ததும் இல்லை.

இந்த வருஷம் வலது முட்டியும் பேச ஆரம்பித்தது. மூட்டையோடு நிமிர்ந்தால் 'கடக்' என்றது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மா முட்டியை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள்.

"மூட்டை தூக்காதீங்கன்னா கேக்கவா போறீங்க? தினமும் சைக்கிளாவது மிதிங்க. ஆனா மிதிக்கும்போது கால் நல்லா நீளணும். மடக்கி மடக்கி மிதிச்சீங்க, இருக்கிற முட்டியும் போயிடும்."

வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதில் அவன் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துபோயின. தெருவில் வெட்டுக்கிளி என்றார்கள். சீட்டை உயர்த்தினான். இன்னும் உயர்த்தினான். கடைசியில் சீட்டு, கம்பியோடு கையில் வந்துவிட்டது.

இந்தச் சேதி அனந்தபுரம் வரைக்கும் போய், அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிற அவன் மச்சான் பொன்னுசாமியின் காதில் விழுந்தது. பொன்னுசாமி அவன் பெண்டாட்டி வளர்மதிக்கு அண்ணன். குட்டையான ஆள், உசரத்தில் விட்டதையெல்லாம் வாயில் பிடித்தவர்.

"நான் சொன்னா கேளு வளரு. பண்ணைக்கு வாட்ச்மேன் இல்ல. மாப்ளய கூட்டினு வந்துடு. நாள் பூரா நாற்காலில உக்காந்துகினே இருக்கலாம். இவரு உக்காந்தாலே நரி பயந்துக்கும்."

துரைக்கண்ணுவுக்கு அதைக் கேட்டதும் முட்டி வலியே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. கோழி நாற்றமாவது குளித்தால் போகும். மச்சான் வாய்க்கு எந்தக் குளத்தில் போய்க் குளிப்பது?

வளர்மதி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "முட்டிக்கு ஏத்த சைக்கிள் கெடச்சா, நீ கமிட்டிக்கே போ. கெடைக்கல, ஆவணி பொறந்ததும் அண்ணன் பண்ணைக்குத்தான். அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கக் கூடாது."

கமிட்டியில் ஆனந்தராஜ்தான் வழி சொன்னான். அவன் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டே மூட்டை தூக்குகிற பையன். "அண்ணே, மலை சைக்கிளுன்னு ஒண்ணு வருது. அதுல பெரிய ஃபிரேம் இருக்குதாம். ஃபிரேம் பெருசா இருந்தாதான் உனுக்குக் காலு நீளும்."

"மலை சைக்கிளுன்னா கோட்டை மேல ஓட்டினு போறதா?"

"நீ ஏரிக்கரை மேல ஓட்டு, போதும்." விழுப்புரத்தில் ஒரு கடையின் நம்பரை எழுதிக்கொடுத்தான்.

போன் பேசியது வளர்மதி. துரைக்கண்ணு போனில் பேசினால் விழுப்புரத்துக்கு நேராகவே கேட்கும் என்பதால் அந்த வேலையை அவள்தான் பார்ப்பாள். அன்றைக்குப் பார்த்து பக்கத்துக் கொல்லையில் போர் போடுகிற வண்டி நின்று பூமியைக் குடைந்துகொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். கடையில் போனை எடுத்த பெண் தன் பேர் சுமலதா என்றாள். குரலில் நல்ல மரியாதை.

"மலை சைக்கிள் வேணும்மா. டயர்ல பல்லு பல்லா இருக்குமே, அது."

"இருக்குதுங்க. யாருக்குங்க?"

வளர்மதி கட்டிலைத் தாண்டி நீண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்தாள். "எங்க வூட்ல இருக்கிற ஒரே கொழந்தைக்குத்தான்."

"அப்படீங்களா! பேரு என்னங்க?"

"ராஜான்னு கூப்புடுவாங்க."

"ராஜாக்குட்டி இன்சீம் எவ்ளோங்க?"

"இன்னா சீமு?"

"அதாங்க, உள்கால் அளவு. அத வச்சித்தாங்க ஃபிரேம் சைஸ் பாக்கணும்."

போர் வண்டி பாறையைத் தொட்ட நேரம் அது. வளர்மதியின் காதில் உள்கால், உள்ளங்காலாக வந்து இறங்கியது. போனைப் பொத்திக்கொண்டு, "உள்ளங்கால் அளவு கேக்கறாங்கயா" என்றாள்.

துரைக்கண்ணு மெச்சிக்கொண்டான். "வெவரமான கடை. பெடல மிதிக்கிறது உள்ளங்கால்தானே?"

தையல் டேப்பை எடுத்துக் குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் இழுத்தாள். கூச்சத்தில் அவன் உதைத்ததில் சொம்பு உருண்டது. மறுபடி இழுத்தாள். "பன்னண்டும்மா."

"பன்னண்டா? ரொம்பச் சின்னதா இருக்குதே. நல்லா நிக்கிறானாங்க?"

"நிக்கிறதுக்கு இன்னா, நாள் பூரா நிப்பான். முட்டிதான் கொஞ்சம் வலிக்குதுங்கறான்."

"அச்சச்சோ. விழுந்து விழுந்து நடந்தா அப்படித்தாங்க இருக்கும். நல்லா சாப்புடறானா?"

"அதுல ஒண்ணும் கொறை இல்லம்மா."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்கள். நல்ல பொண்ணு, சொந்தக்காரி போல விசாரிக்கிறாள் என்று வளர்மதி சொன்னாள்.

பார்சல் வந்தது கமிட்டிக்குத்தான். ஏலம் முடிந்து சாக்கு தைக்கிற நேரம். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்க பொன்னுசாமியும் வந்திருந்தார். டிரைவர் அட்டைப் பெட்டியை ஒரே கையால் எடுத்துக் கொடுத்ததும் துரைக்கண்ணு அதை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தான். "தனித்தனியா கழட்டி வச்சிருப்பாங்கண்ணே" என்றான் ஆனந்தராஜ்.

கழற்றவெல்லாம் இல்லை. முழுசாகவே இருந்தது. மலை சைக்கிள்தான். டயரில் பல் பல்லாகத்தான் இருந்தது. கேட்டதில் ஒன்றும் குறையவில்லை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும், குழந்தை விழாமலிருக்கக் குட்டிச் சக்கரங்கள் கூடுதலாகவே இருந்தன. கைப்பிடியில் மஞ்சள் வாத்துத் தலை வைத்த ஹாரன். அதில் ஒரு அட்டை தொங்கியது: 'ராஜாக்குட்டிக்கு அன்புடன்.'

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தால் சாதாரணமாகச் சிரிக்க மாட்டார்கள். தராசுக்காரர் எடை தப்பி மறுபடி முதலிலிருந்து போட்டார். பொன்னுசாமி வாத்தை அமுக்கினார். 'பீய்ங்' என்றது.

"மாப்ள, தப்பா நெனச்சிக்காத. இது உக்கார்றதுக்கு இல்ல, கால்ல மாட்டிக்கிறதுக்கு. இந்தக் காலுக்கு இது. அந்தக் காலுக்கு இன்னொண்ணு வாங்கிக்க."

துரைக்கண்ணு பக்கத்தில் காலை வைத்துப் பார்த்தான். சக்கரமும் உள்ளங்காலும் இம்மி பிசகவில்லை. அளவு எடுத்த வளர்மதியைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

"ஆவணிக்கு நாற்காலி துடைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார் பொன்னுசாமி. வாத்தை இன்னொரு தடவை அமுக்காமல் போகவில்லை.

சாயங்காலம் வளர்மதி போன் போட்டாள். அந்தப் பக்கம் சுமலதா ஆசையோடு கேட்டாள், "ராஜாக்குட்டி ஓட்டறானாங்க?"

"அம்மா, நீ உள்ளங்கால் அளவுதானே கேட்ட?"

"இல்லீங்களே. உள்கால். தொடை சேர்ற எடத்துலேர்ந்து தரை வரைக்கும்." அப்புறம்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "ஏங்க, ராஜாவுக்கு வயசு என்னங்க?"

"ஆடி வந்தா நாப்பத்தாறு."

அந்தப் பெண் சிரித்ததில் போனில் கரகரவென்று சத்தம் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, மாற்றித் தருகிறேன் என்றாள். "ஆனா இருக்கறதுலயே பெரிய ஃபிரேம் ஒண்ணே ஒண்ணுதாங்க கடையில இருக்குது. அதுவும் சேரலன்னா அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அளவ மட்டும் கரெக்டா எடுத்துடுங்க. செவுத்துல சாஞ்சி நிக்கணும், செருப்பு கூடாது, லுங்கி கூடவே கூடாது. தட்டையா ஒரு பொருள காலுக்கு நடுவுல வச்சி நல்லா மேல தூக்கி, செவுத்துல கோடு போடுங்க."

தட்டையான பொருள் என்று வீட்டில் முறம்தான் இருந்தது. அது வேண்டாம் என்று துரைக்கண்ணு கெஞ்சினான். எதிர்வீட்டு முருகையன் கொத்தனார்; அவர் ரசமட்டத்தோடு வந்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சட்டம் அது. நடுவில் கண்ணாடிக்குள் ஒரு குமிழி ஓடும். அரை டிராயரோடு நின்ற துரைக்கண்ணுவை, கட்டி முடித்த சுவரைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"காலச் சேர்த்து நில்லு. அவ்ளோ சேர்க்காத. சட்டம் எங்க போறது?"

"மேல போதும்பா முருகையா."

"அந்தப் பொண்ணு நல்லாத் தூக்கணும்னு சொல்லிக்கீதா இல்லியா?" என்றாள் வளர்மதி, டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு.

"இதுக்கு மேல தூக்கினா நான் கூரையிலதான் நிக்கணும்!"

"ஆடாத மச்சி. குமிழி நடுவுல வர வேணாமா? மூச்ச புடி." முருகையன் பென்சிலால் சுவரில் கோடு கிழித்தார். டேப்பைப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பார்த்தார். "சுத்தமா மூணடி. முப்பத்தாறு இன்ச். இந்தச் சந்துல ஒரு ஜன்னலே வைக்கலாம் வளரு."

"முப்பத்தாறுன்னா இருபத்தொண்ணு ஃபிரேமுங்க" என்றாள் சுமலதா.

வளர்மதி விடவில்லை. "நாங்க முப்பத்தாறு குடுத்தா நீ இருபத்தொண்ணு குடுக்கற. மீதி பதினஞ்சு எங்கம்மா போச்சு?"

"மீதிய சீட்டும் சக்கரமும் பாத்துக்கும்க்கா. ஃபிரேமே முப்பத்தாறு இருந்தா ஏணி வச்சித்தான் ஏறணும்."

வளர்மதிக்கு அது பாதிதான் புரிந்தது. துரைக்கண்ணுவுக்கு அதுவும் இல்லை. அண்ணனிடம் ஆவணியைத் தள்ளிப்போடச் சொல்லவும் முடியாது. பெட்டி வருகிற வரைக்கும் அவனுக்குக் கனவில் கோழிகள் வந்து வரிசையாக நின்று வாத்து போலக் கத்தின.

இரண்டாவது பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஆனந்தராஜ் சக்கரத்தைப் பூட்டி, சீட்டை மேலே ஏற்றி, கமிட்டி முற்றத்தில் நிறுத்தினான். கறுப்புச் சைக்கிள். ஜல்லிக்கட்டு மாடு போல நின்றது. துரைக்கண்ணு லாரி மேல் கடைசி அட்டி போட்டுக்கொண்டிருந்தான், இறங்க முடியவில்லை. சோற்றுத் தூக்கோடு வந்த வளர்மதி, அண்ணன் லோடு ஆட்டோவோடு நிற்பதைப் பார்த்தாள்.

"எதுக்குண்ணே ஆட்டோ?"

"மாப்ளய ஏத்தினு போகத்தான். இதுவும் சேராது, நீ வேணா பாரு. மொதல்ல நான் ஓட்டிப் பாக்கறேன், தள்ளுங்க."

எடை மேடையின் படிக்கட்டில் ஏறி, அங்கிருந்து சீட்டில் உட்கார்ந்து, மேடையை ஒரு எத்து எத்தினார். முற்றம் லேசான சரிவு. சைக்கிள் ஓடியது. அதற்கப்புறம்தான் தன் கால்கள் எங்கே இருக்கின்றன என்று பொன்னுசாமி கீழே பார்த்தார். அவை நடுவானத்தில் இருந்தன. பெடல் மேலே வரும்போது ஒரு உதை கிடைத்தது. கீழே போனதும் அது யாருடைய பெடலோ. நின்றால் ஊன்றக் காலில்லை. அதனால் நிற்கவும் வழியில்லை.

"பிரேக் புடி மச்சான்!" என்று லாரி மேலிருந்து கத்தினான் துரைக்கண்ணு.

"புடிச்சா விழுந்துடுவேன்யா!"

மல்லாக்கொட்டைக் குவியலைச் சுற்றி ஒரு வட்டம். கொட்டை பொறுக்குகிற பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தராசுக்காரருக்கு மறுபடி எடை தப்பியது. இன்னொரு வட்டம். எட்டிப் பிடிக்கப் போன ஆனந்தராஜ், அவர் போட்ட கூச்சலில் விட்டுவிட்டான்.

"மாப்ள! எறங்கி வாய்யா! புடிய்யா!"

துரைக்கண்ணு லாரியிலிருந்து இறங்கினான். அவசரப்படவில்லை. முட்டிக்கு ஆகாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் போய் நின்றான்.

"மச்சான், அந்த வாட்ச்மேன் வேலை இன்னா ஆச்சு?"

"அது கெடக்குது கழுத! மொதல்ல புடி!"

"ஆவணிக்கு வரணுமா, வேணாமா?"

அடுத்த வட்டத்தில்தான் பதில் வந்தது. "வேணாம்! நீ வரவே வேணாம்! வளரு, சொல்லுமா உன் வூட்டுக்காரருக்கு!"

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்றாள் வளர்மதி.

துரைக்கண்ணு கையை நீட்டி, ஓடுகிற சைக்கிளிலிருந்து பொன்னுசாமியை இரண்டு அக்குளிலும் பிடித்து, அரைமூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி, எடை மேடை மேல் வைத்தான். ஆனந்தராஜ் சைக்கிளைப் பிடித்தான். தராசுக்காரர் பழக்க தோஷத்தில் முள்ளைப் பார்த்தார்.

பிறகு துரைக்கண்ணு தானே ஏறினான். ஏறினான் என்றுகூடச் சொல்ல முடியாது. நின்ற இடத்திலிருந்து காலைத் தூக்கிப் போட்டான், உட்கார்ந்திருந்தான். மிதித்தான். கால் கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது, கொஞ்சம் மடக்கம் மிச்சமிருக்கும்போது நின்றது. முட்டி பேசவில்லை. இன்னொரு மிதி. அப்போதும் பேசவில்லை.

"நல்லாத்தான்யா கீது" என்றாள் வளர்மதி. சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தவள் முகம் மாறியது. "கேரியர் எங்க? நான் எங்கயா உக்கார்றது?"

"மலை சைக்கிளுக்குக் கேரியர் கெடையாதாம்."

"பொண்டாட்டி இல்லாதவன் எவனோ செஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, தூக்கை அவன் கையில் மாட்டாமல் தானே எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் டவுன் பஸ் சிங்கவரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்த வளர்மதி, வெளியே தன் புருஷனின் தலை தனக்குச் சமமாக வருவதைப் பார்த்தாள். கழுத்து நிமிர்ந்திருந்தது. இத்தனை வருஷமாக இந்த ரோட்டில் சட்டைப் பையைத் தவிர எதையும் பார்க்காதவன், மேற்கே வெயில் இறங்குகிற ராஜகிரியை அடியிலிருந்து உச்சி வரைக்கும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"ரோட்ட பாத்து ஓட்டுயா!" என்று கத்தினாள்.

அவன் திரும்பிச் சிரித்தான். சுமலதா பெட்டிக்குள் ஒரு சாமானைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தாள். அது இப்போது கைப்பிடியில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. துரைக்கண்ணு பஸ்ஸை முந்துவதற்கு முன்னால் அதை ஒரு தடவை அமுக்கினான்.

பீய்ங்.