சம்பந்திக்கு ஒரு கவுன், ஒரு வாக்கியம்

மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்துக்கு உடுத்தப்போகும் நீலக் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தவள் பெண்ணின் அம்மா. ஊசி நூல் அவளுக்குக் கைவந்தது. ஸ்பானிஷ்தான் வரவில்லை. சம்பந்தியம்மாவுக்கோ அதைத் தவிர வேறெதுவும் வராது. மகள் வாழப்போகும் வீட்டுக்காரியிடம் மகளை நடுவில் நிறுத்தாமல் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டுமே என்று அம்மாவுக்குத் தவிப்பு.

மகள் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள்: 'எஸ்தா குவாப்பா.' அழகாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். 'எஸ் குவாப்பா' என்றால் எப்போதுமே அழகி. 'எஸ்தா' என்றால் இப்போது, இந்த உடையில்.

"துணி பட்டா பருத்தியாங்கறது ஒண்ணு, உடம்புல எப்படி உட்காருதுங்கறது வேற. அப்படித்தானே?" என்றாள் தையல்காரி அம்மா.

அதேதான் என்றாள் மகள்.

"எனக்கு எது?" என்றார் அம்மாவின் கணவர், பஸ் டிரைவர்.

"உங்களுக்கு ரெண்டும் இல்ல."

கவுனின் கீழ் விளிம்பைச் சமமாக மடிக்க, சம்பந்தியம்மா உயரத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அகப்பட்டவர் அவர்தான். டியூட்டி முடிந்து வந்தவரைக் கவுனுக்குள் நுழைத்து ஸ்டூலில் ஏற்றி, குண்டூசி குத்தியபடியே வாக்கியத்தையும் அவரிடமே பழகினாள். ஆம்பளைக்குக் 'குவாப்போ' என்று சொல்ல வேண்டும் என்று மகள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். அந்த வாரம் முழுக்க வீட்டு முன்னறைத் தையல் கடையில் குவாப்போதான்.

அளவு பார்க்கும் நாளில் மகளுக்கு ஆபீஸில் வேலை இழுத்துவிட்டது. சம்பந்தியம்மா தனியாக வந்து, கவுனைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே நின்றாள். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"எஸ்தா குவாப்போ."

அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கி, எந்த ஆண்பிள்ளை நிற்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கவோ வேறு வார்த்தை இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரை உள்ளேயிருந்து இழுத்து வந்து, கவுனைக் காட்டினாள், அவரைக் காட்டினாள், ஸ்டூலைக் காட்டினாள்.

சம்பந்தியம்மா கவுனையும் அவர் மீசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் திரைக்குப் பின்னால் போய்க் கவுனைக் கழற்றி வந்து அவரிடமே நீட்டினாள். தப்பிக்க வழியில்லை.

மொழிபெயர்க்க மூச்சிரைக்க ஓடிவந்தாள் மகள். ஸ்டூல்மேல் கவுனோடு அப்பா. இரண்டு பக்கமும் முழங்காலிட்டு, வாயில் குண்டூசியோடு இரண்டு அம்மாக்கள்.

"அவங்ககிட்ட என்னம்மா சொல்லணும்?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாதான் பதில் சொன்னார்.

"நீ போய் முகம் கழுவும்மா. நான் அசையக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து திட்டிக்கிட்டிருக்காங்க. எனக்கு நல்லாவே புரியுது."