மெக்சிகோவில் எடுத்த மீசை

சூரிச் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த குகநாதனிடம், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த சண்முகநாதன் சாவுச் செய்தியைச் சொன்னான்.

"உன்ரை ஐயா மோசம் போட்டாரடா. போன வருசம், சித்திராப் பறுவத்தண்டு."

அன்று குகநாதன் கப்பல்காரன். மெக்சிகோவில் ஒரு சின்னத் துறைமுகத்தில் இறங்கி, கூழைக்கடாக்கள் குந்தியிருந்த கரையெல்லாம் சுற்றினான். பொரித்த மீன் தின்றான். கூட வந்தவர்கள் உசுப்பேற்ற, ஒரு சலூனில் புகுந்து மீசையையும் மழித்துக்கொண்டான். திரும்பும்போது கடலுக்கு மேலே சித்திரை முழுநிலவு நின்றது. அதனால்தான் நாள் மறக்கவில்லை.

"கொள்ளி தம்பிதான் வைச்சவன். மூத்தவன் நீ, ஐயாவுக்கெண்டு மீசைகூட எடுக்கேல்லை."

குகநாதனுக்கு அழுகை வரவில்லை. மறுபடி வளர்ந்திருந்த மீசையை ஈரக்கையால் தடவினான்.

"எடுத்தனான்," என்றான். "காசு குடுத்து, சிரிச்சுச் சிரிச்சு எடுத்தனான்."

அடுத்த கோப்பையைக் கழுவத் தொடங்கினான்.